ஆளில்லாத நிலமும் துணையில்லாத பெண்ணும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறப் போயிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் சென்னையிலிருந்து வந்த குழு மகளிர் தினத்தையொட்டிக் கிளம்பிய குழு. அதில் பலர் இளம்பெண்கள். அடுத்த சில நாட்களுக்குப் பேருந்திலும் ஆசிரியர் அறையிலும் உறவினர் வீட்டிலும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பொம்பளப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" காய்ந்த புல்லைப் பற்றி, காற்றைப் பற்றி, மார்ச் மாதத்து மலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இறந்த ஆண்களுக்கு மலையில் என்ன வேலை என்றும் யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் என் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. முதுகலை முதலாண்டு மாணவிகள் இருபத்திரண்டு பேரை ஏப்ரலில் டாப்சிலிப்புக்கு அழைத்துப் போக அனுமதி கேட்கும் கடிதம். ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தபோது, "குறிஞ்சியக் கண்ணால பாக்காம எப்படி மேடம் கட்டுரை எழுதுறது?" என்று ஒருத்தி கேட்டதில் தொடங்கிய திட்டம் அது. துறையின் சுற்றுலாப் பொறுப்பாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் கையெழுத்துப் போடவில்லை. மேலிடம் மறுப்பதற்கு முன்பே நானே மறுத்தேன். ஆண்டுதோறும் பெண்ணியத் திறனாய்வு நடத்துகிறவள் நான். கடிதத்தைத் திரும்ப வாங்க வந்த மாணவி கேட்டாள்: "நீங்க பயப்படுறது காட்டுக்கா மேடம், எங்க வீட்டுக்கா?"

அவளுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கோடை விடுமுறையில், பல ஆண்டுகளுக்கு முன் படித்து வியந்த ராபின் டேவிட்சனின் 'ட்ராக்ஸ்' நூலை மீண்டும் எடுத்தேன். முதல் வாசிப்பில் அது எனக்கு ஒரு வீரப் பெண்ணின் கதையாக இருந்தது. இந்த முறை அப்படிப் படிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இந்தக் கட்டுரை.

ராபின் டேவிட்சன் 1950இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்தவர். பதினொரு வயதில் தாயை இழந்தவர். 1975இல் கண்டத்தின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஆறு டாலர். கூட ஒரு நாய். ஒட்டகம் பழக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகு பாலைவனத்தைக் கடந்து இந்தியப் பெருங்கடல்வரை நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கற்றுக்கொள்ளவே இரண்டு ஆண்டுகள் போயின. 1977 ஏப்ரலில் நான்கு ஒட்டகங்களுடனும் டிகிட்டி என்ற நாயுடனும் கிளம்பினார். ஒன்பது மாதங்கள், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். 'நேஷனல் ஜியோகிராபிக்' இதழ் பயணத்துக்குப் பணம் கொடுத்தது. அதற்கு ஈடாக ரிக் ஸ்மோலன் என்ற புகைப்படக்காரர் வழியில் சில இடங்களில் வந்து சேர்ந்துகொண்டு படம் எடுப்பார் என்று ஏற்பாடு. 1978 மே மாத இதழில் அந்தப் பயணம் வெளியானது. நூல் 1980இல் வந்தது. 2013இல் திரைப்படமும் ஆனது.

உலகம் இந்தப் பயணத்தை இரண்டு சொற்களில் நினைவு வைத்திருக்கிறது: ஆளில்லாத பாலைவனம், தனியாகப் போன பெண். இரண்டு சொற்களுமே பொய். அவை பொய் என்பதற்குச் சான்று அவர் நூலிலேயே இருக்கிறது. சாகசத்தைத் தேடும் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

முதலில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நூலின் முற்பகுதி முழுவதும் பாலைவனம் வரவே வராது. வருவது ஊர். டேவிட்சன் ஒரு மதுக்கூடத்தில் வேலைக்குச் சேர்கிறார். ஆண்கள் குடிக்கவும் அடித்துக்கொள்ளவும் வரும் இடம். கறுப்பின மக்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் அங்கே பேசப்படும் பேச்சு ஒரே தரத்தில் இருக்கிறது. அடுத்து இந்த ஊரில் வல்லுறவுக்கு ஆளாகப்போவது நீதான் என்று அங்கே வரும் ஒருவர் அக்கறையோடேயே எச்சரிக்கிறார். அவர் சொல்லும் காரணம், இவள் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாள் என்பது. ஒரு நாள் அவருடைய படுக்கையில் யாரோ மலத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டகம் பெறுவதற்காகத் தன் உழைப்பைக் கொடுத்த இடத்தில் வசவும் மிரட்டலும் கிடைக்கின்றன. கிளம்பிய பிறகு அவரை அச்சுறுத்தியவை தண்ணீர்ப் பஞ்சம், வழி தவறுதல், மதம் கொண்ட காட்டு ஆண் ஒட்டகங்கள். அந்த மூன்றுக்கும் ஆயத்தமாக முடிந்தது. தண்ணீரை அளந்து வைக்கலாம், வரைபடம் படிக்கலாம், துப்பாக்கி பழகலாம். ஊருக்கு அப்படி ஓர் ஆயத்தம் கிடையாது.

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் வரைபடம் இதற்குத் தலைகீழானது. வீடு பாதுகாப்பு, ஊர் அரைப் பாதுகாப்பு, காடு ஆபத்து. என் மாணவி கேட்ட கேள்வி இந்த வரைபடத்தைத்தான் தொட்டது. அன்று என் பயத்தில் யானை இல்லை, தீகூட இல்லை. ஏதாவது நடந்தால் "யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கல்லூரி வாசலில் வந்து நிற்கப்போகும் அண்ணன்களும் சித்தப்பாக்களும்தான் இருந்தார்கள்.

இரண்டாவது, 'தனியாக' என்ற சொல். டேவிட்சனுக்கு ஒட்டகத்தைக் கற்றுக்கொடுத்தவர் சாலே முகமது. ஆஸ்திரேலியாவில் 'ஆப்கானியர்' என்று அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர் மரபில் வந்தவர். அந்தப் பெயரே ஒரு தவறு. 1860களிலிருந்து அங்கே போனவர்களில் ஆப்கானிஸ்தானத்தார் மட்டுமல்லாமல் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான் பகுதியினரும் இருந்தார்கள். நம் நாட்டிலிருந்து கப்பலேறிய ஒட்டகங்களும் அவற்றை ஓட்டியவர்களும்தான் அந்தக் கண்டத்தின் உட்பகுதிக்குத் தந்திக் கம்பியையும் ரயில் தண்டவாளத்தையும் மாவு மூட்டையையும் கொண்டு சேர்த்தார்கள். மனைவியரை அழைத்துவர வழியில்லாத அவர்களில் சிலர் அங்கிருந்த தொல்குடிப் பெண்களை மணந்தார்கள். 1920களில் மோட்டார் வண்டி வந்ததும் ஒட்டகங்கள் பாலைவனத்தில் அவிழ்த்து விடப்பட்டன. இன்று ஆஸ்திரேலியக் காட்டு விலங்கு என்று சுற்றுலாப் பயணி படமெடுக்கும் ஒட்டகம் அப்படிக் கைவிடப்பட்ட உழைப்பாளியின் வழித்தோன்றல். ஒரு வெள்ளைப் பெண்ணின் 'தனிப் பயணம்' இந்த நூறாண்டு அறிவின் முதுகில் ஏறித்தான் கிளம்பியது. மதம் கொண்ட ஒட்டகம் எதிரே வந்தால் முதலில் சுடு, பிறகு யோசி என்று அவருக்குச் சொல்லி அனுப்பியவர் சாலே. அந்தச் சொல் வழியில் அவர் உயிரைக் காத்தது.

அடுத்து ஏடி. பிட்ஜன்ட்ஜட்ஜரா இனத்து முதியவர். ஆண்கள் மட்டுமே செல்லத்தக்க புனித இடங்கள் வழியில் இருக்கின்றன. இனத்து மூத்தவர் ஒருவர் உடன் வந்தால்தான் அந்தப் பகுதியைக் கடக்க முடியும். ஏடி வருகிறார். அவர் பேசும் மொழி இவருக்குக் கொஞ்சம்தான் தெரியும். இவருடைய மொழி அவருக்கும் அப்படியே. கடிகாரம் பார்த்து, நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நடந்துகொண்டிருந்த டேவிட்சன் முதலில் எரிச்சல்படுகிறார். கிழவர் நின்று நின்று நடக்கிறார், காட்டுப் புகையிலை பறிக்கிறார், உட்கார்ந்துவிடுகிறார். சில நாட்களில் இவருடைய நடை மாறுகிறது. மணிக்கணக்கு கழன்று விழுகிறது. நூலின் மிக நல்ல பக்கங்கள் இவை. அதுவரை கடக்க வேண்டிய தூரமாக இருந்த நிலம் இங்கே யாரோ ஒருவருடைய வீடாகிறது.

இந்தப் பகுதியில் ஒரு காட்சி உண்டு. சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்துகிறார்கள். அவர்களில் ஒருவன் ஏடியை இழிசொல்லால் கூப்பிட்டு, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நில், படம் எடுக்க வேண்டும் என்கிறான். டேவிட்சனுக்கு அவமானத்தில் உடல் எரிகிறது. ஏடியோ சட்டென்று ஒரு பைத்தியக்காரனாக மாறுகிறார். கத்துகிறார், ஆடுகிறார், காசு கேட்கிறார். பயணிகள் மிரண்டு காசு கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்கள் போனதும் கிழவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். டேவிட்சனும் சிரிக்கிறார். தன் மண்ணில் காட்சிப்பொருளாக்கப்படும் ஒரு மனிதர் அந்தக் காட்சியையே தன் வசமாக்கிக்கொள்வதை நூல் தெளிவாகப் பதிவுசெய்திருக்கிறது. காட்சிப்பொருளாவது என்றால் என்னவென்று டேவிட்சனுக்கும் தெரியும். 'ஒட்டகப் பெண்மணி' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டம் சூட்டின. வழிமறித்துப் படம் எடுக்கத் துரத்தின. ஆனால் இருவரும் ஒரே தட்டில் இல்லை. துரத்தப்பட்டபோது ஒளிந்துகொள்ளவும், பிறகு தன் கதையைத் தானே எழுதி விற்கவும் அவருக்கு வாய்ப்பு இருந்தது. ஏடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. புகைப்படக்காரர் தொல்குடியினரின் சடங்கு ஒன்றை மறைந்திருந்து படமெடுத்தபோது, அதன் பழி தன்மேலும் விழுந்ததை டேவிட்சன் மறைக்காமல் எழுதுகிறார். இதழின் பணத்தை வாங்கியதற்கு அது விலை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

இப்போது 'ஆளில்லாத' என்ற சொல். பிரிட்டிஷார் ஆஸ்திரேலியாவைக் கைப்பற்றியது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற சட்டக் கற்பனையின் பேரில்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவந்த மக்களை வைத்துக்கொண்டே அந்த நிலம் காலி என்று எழுத முடிந்தது. 1992 ஜூன் 3 அன்று மாபோ வழக்கின் தீர்ப்பில்தான் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கற்பனையைக் கைவிட்டது. டேவிட்சன் நடந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு. சாகசப் பயண எழுத்து என்ற வகைமையே இந்தக் கற்பனையைத் தின்று வளர்ந்தது என்பது என் வாதம். நிலம் காலியாக இருந்தால்தான் அதைக் கடப்பது சாதனை. அங்கே பாட்டி ஒருத்தி அன்றாடம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சாகசமல்ல, விருந்தாளியாகப் போய்வந்தது.

பெண் ஒருத்தி இந்த வகைமைக்குள் நுழைந்ததும் வகைமை தானாகத் திருந்திவிடுவதில்லை. மேரி கிங்ஸ்லியை எடுத்துக்கொள்வோம். 1893லும் 1895லும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர், மீன்களைச் சேகரித்தவர், கேமரூன் மலையில் ஏறியவர். 1897இல் வந்த அவருடைய நூல் இன்றும் சிரிக்க வைக்கிறது. விலங்குகளுக்கு வைத்த முள்குழியில் விழுந்தபோது தன் தடித்த பாவாடைதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் எழுதியதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தை அவர் எதிர்த்தார் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஆப்பிரிக்கர்களை இகழ்ந்த மிஷனரிகளை எதிர்த்து வாதாடியதும் அவர்தான். பிரிட்டிஷ் வணிகர்களின் நலனுக்காகப் பேசியதும் அவர்தான். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் 'துணிச்சல்காரி' என்று மாலை போட்டால், அது அவரைப் படிக்காமலேயே விடுவதற்குச் சமம்.

இதைச் சொல்லும்போது நம் மரபை ஒதுக்கிவைத்துவிட முடியாது; நான் அதைக் கற்பித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பாலை நம் கவிதையின் பயணத் திணை. பொருள் தேடிப் போவது ஆண். கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் வகுத்துவைத்திருக்கிறது. உடன்போக்கில் பெண் நடக்கிறாள். ஆனால் அவன் துணையோடு. போகாதவள் வீட்டில் இருந்துகொண்டு அந்தக் காட்டைக் கற்பனை செய்கிறாள். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், ஆண் யானை யா மரத்தின் பட்டையைப் பிளந்து தன் பிடியின் பசியைத் தீர்க்கும் காட்சியைத் தோழி தலைவிக்குச் சொல்கிறாள். அதைப் பார்த்தால் அவனுக்கு உன் நினைவு வரும், திரும்பிவிடுவான் என்பது ஆறுதல். வகுப்பில் இந்தப் பாட்டைப் பல ஆண்டுகள் உருகி உருகி நடத்தியிருக்கிறேன். அந்த யானையைத் தோழி பார்த்திருப்பாளா என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பார்த்திராத காட்டின் விலங்கை, பார்க்கப்போகும் ஆணின் மனசாட்சியாக மாற்றித் தரும் வேலை இரண்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பாலை நிலத்தில் வாழ்ந்தவர்கள் கதி என்ன? எயினரும் மறவரும் பெரும்பாலும் வழிப்போக்கருக்கு நேரும் ஆபத்தாகவே பாட்டுகளில் வருகிறார்கள். அங்கேயும் நிலத்துக்காரர் பயணியின் இடையூறுதான். இருந்தாலும் நம் இலக்கணம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தது. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து பாலை ஆகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு பருவம். மழை வந்தால் அது யாரோ ஒருவருடைய முல்லை. காலி நிலம் என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

துணையின்றிப் போன பெண்கள் நம்மிடமும் இருந்தார்கள். வெள்ளிவீதியார் காதலனைத் தேடி அலைந்ததை ஔவையார் அகநானூற்றில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்து போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. திருவாலங்காட்டில் பேய்களோடு தங்கினார். ஒருத்தியின் அலைச்சலுக்குக் காதல் பித்து என்று காரணம் தேவைப்பட்டது. இன்னொருத்தி காட்டுக்குள் போகத் தன் தசையை உதறி எலும்புருவான பேயாக வேண்டியிருந்தது. சும்மா போனாள், நிலத்தைப் பார்க்கப் போனாள் என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுத நம் மரபுக்குச் சொல் அகப்படவில்லை. ஆகவே இன்று ஒரு பெண் "தனியாப் போனேன்" என்று எழுதும்போது அதில் இருக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லை வாங்குவதற்கே இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆனால் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

டேவிட்சனின் விலங்குகளை நம் பாலை யானையோடு வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு வேறுபாடு பிடிபட்டது. அவருடைய ஒட்டகங்கள் எதற்கும் உவமையாக வருவதில்லை. அவை வேலை. மூக்கணை பொருத்த வேண்டும், காலில் தளை இட வேண்டும், புண்ணுக்கு மருந்து போட வேண்டும், காலையில் எங்கே மேய்கின்றன என்று காலடித் தடம் பார்த்துத் தேட வேண்டும், சுமையை ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்க வேண்டும். டூக்கி, பப், ஸெலைக்கா, குட்டி கோலியாத் என்று நான்குக்கும் நான்கு குணம். மாடு வளர்த்த வீட்டுப் பெண் யாருக்கும் இந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது. விலங்கோடு இருப்பது என்றால் அதன் சாணியோடும் அதன் பிடிவாதத்தோடும் இருப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

டிகிட்டி இறக்கும் இடத்தில்தான் நூல் உடைகிறது. மேய்ச்சல் நிலங்களில் டிங்கோ என்ற காட்டு நாயைக் கொல்வதற்காக விஷம் வைத்த இறைச்சியைப் போட்டிருப்பார்கள். டிகிட்டி அதைத் தின்றுவிடுகிறது. ஸ்டிரிக்னின் விஷம். துடிக்கும் நாயை டேவிட்சன் தன் கையால் சுட வேண்டிவருகிறது. ஆட்டுமந்தைகளைக் காப்பாற்ற 5,000 கிலோமீட்டருக்கும் நீளமான வேலி போட்டு டிங்கோவைத் தடுத்த நாடு அது. ஆடு வந்தேறிய விலங்கு. டிங்கோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே இருப்பது. யார் காட்டு விலங்கு, யார் தொல்லை என்று முடிவுசெய்தது மந்தை வைத்திருந்தவர். திரைப்படம் பார்த்துவிட்டுப் பலர் அந்த இடத்தில் அழுததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அழுதேன். ஆனால் அந்த விஷம் வானத்திலிருந்து விழவில்லை. அவர் கடந்து வந்த 'தூய இயற்கை' முழுவதும் சட்டமும் வேலியும் விஷமும் பரவிய நிலம். அந்த நிலத்தின் வரலாறு அவருடைய நாயின் வாய் வழியாக அவரை வந்து தொட்டது. பயணத்தின் மிகப் பெரிய இழப்புக்கு இயற்கை காரணமில்லை என்பதைச் சாகசக் கதையாகப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை.

டேவிட்சனோடு எனக்கு மாறுபாடும் உண்டு. 1996இல் அவர் 'டெசர்ட் பிளேசஸ்' என்ற நூலை வெளியிட்டார். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மந்தை ஓட்டி இடம்பெயரும் ரபாரி மக்களோடு நடந்த அனுபவம் அது. ஆஸ்திரேலியாவில் அவருக்குக் கிடைத்த தனிமை இங்கே ஒரு கணமும் கிடைக்கவில்லை. எங்கு போனாலும் கூட்டம், வேடிக்கை பார்க்கும் கண்கள், தூக்கமின்மை, மொழி புரியாமை. தன் எரிச்சலையும் வெறுப்பையும் மறைக்காமல் எழுதுகிறார்; அந்த நேர்மைக்காக அந்த நூல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைப் படிக்கும்போது என் கண் அவர்மேல் நிற்கவில்லை, பக்கத்தில் நடக்கும் ரபாரிப் பெண்களிடம் போனது. முகாமைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றி, கைக்குழந்தையோடு நடந்து, அடுத்த இடத்தில் இறக்கி, அடுப்பு மூட்டுகிறவர்கள் அவர்கள். அதே வெயில், அதே மணல், ஆண்டுதோறும். அவர்கள் நடப்பதை யாரும் பயண இலக்கியம் என்று சொல்வதில்லை, விருது கொடுப்பதில்லை. திரும்பிப் போக வேறொரு வீடும் எழுத நேரமும் இருப்பவள் நடந்தால்தான் அது சாகசமாகிறது. டேவிட்சனுக்கு இது தெரியாமலில்லை. ஆனாலும் நூலின் நடுவில் அவருடைய களைப்புதான் இருக்கிறது. அந்தப் பெண்களின் களைப்பு ஓரத்துக்குப் போய்விடுகிறது.

பெண்களின் பயண எழுத்தைப் பற்றிப் பேசும் நம் கூட்டங்களில் 'துணிச்சல்' என்ற சொல் எளிதாகக் கிடைக்கிறது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை குறைந்துவிட்டது. பெண் வெளியே போவது விதிவிலக்கு என்று ஒப்புக்கொண்டால்தான் அதைத் துணிச்சல் என்று பாராட்ட முடியும். குரங்கணிக்குப் பிறகு "என்ன வேலை?" என்று கேட்டவர்களும், திரும்பி வந்திருந்தால் "என்ன துணிச்சல்!" என்று மெச்சியிருக்கக்கூடியவர்களும் ஒரே நம்பிக்கையின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். நான் வேறு கேள்விகளைக் கேட்க விரும்புகிறேன். இவளுக்கு வழி சொன்னவர் யார்? அவர் பெயர் பிரதியில் இருக்கிறதா? அந்த நிலத்தில் வாழும் பெண்கள் பேசுகிறார்களா, பின்னணியில் விறகு சுமந்து போகிறார்களா? விலங்கு விலங்காக இருக்கிறதா, இவளுடைய விடுதலைக்கு அடையாளமாக மட்டும் நிற்கிறதா? இந்தக் கேள்விகளில் 'ட்ராக்ஸ்' பாதிக்கு மேல் தேறிவிடுகிறது. இன்று எழுதப்படும் பல நூல்கள் தேறுவதில்லை. என் சொந்தக் கவிதைகளில் வரும் மலைகளும் தேறாது. அந்த மலைகளில் ஒரு மனிதரும் இல்லை. ஏறிய களைப்புகூட இல்லாமல் நான் பேருந்து ஜன்னலிலிருந்து எழுதியவை அவை.

அந்த ஆண்டு ஜூனில் கல்லூரி திறந்ததும் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். தீ அபாயம் உள்ள மாதங்களைத் தவிர்த்து டிசம்பர் என்று தேதியை மாற்றினேன். வனத்துறை அனுமதி, வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் கூட்டம் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். சாலே சொல்லிக்கொடுத்ததும் இந்த வகைதான். பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்று சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் நான்கு குடும்பங்கள் மறுத்துவிட்டன. கேள்வி கேட்ட மாணவியின் குடும்பம் அதில் ஒன்று. பதினெட்டுப் பேரோடு போனோம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காடர் இனத்து முதியவர். ஓரிடத்தில் கை காட்டி எங்களை நிறுத்தினார். பாதையில் கிடந்த யானை விட்டையைக் காலால் புரட்டிப் பார்த்து, இப்போதுதான் போயிருக்கிறது என்றார். கால் மணி நேரம் பேசாமல் நின்றோம். யானை தெரியவில்லை, மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. நகரலாம் என்று அவர் சைகை காட்டிய பிறகு ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, இந்தப் பக்கமெல்லாம் மனுசங்க யாருமே வர மாட்டாங்களா?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கம்மா இந்தச் சரிவுலதான் கெழங்கு தோண்டுவாங்க. என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு" என்றார்.

அந்தப் பெண் தன் கட்டுரையில் யானையை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அந்த அம்மாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். என்ன கிழங்கு, எந்த மாதம், தோண்டும் கோல் எந்த மரம் என்று இறங்கி வரும் வழியெல்லாம் அவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டிருக்கிறாள். வராமல்போன மாணவி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அடுத்த வருசம் நான் இங்க இருக்க மாட்டேன் மேடம், ஆனா என் தங்கச்சி சேர்றா, அவளுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா என்று கேட்டாள். போடுவேன் என்று சொன்னேன். உன் வீட்டில் போடுவார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.